குங்குமம் வைத்த பந்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தச் சரக்கில்லை. 1961இல் பெருமாள்மலை டீக்கடையில் குருநாதன் என்பவர் சொல்லக் கேட்டது. பழனிக்காரர், பிளாக் ஆபீஸில் வேலை. இளைஞர் மன்றங்களுக்கு அரசாங்கம் கொடுத்த பணம் உருப்படியாகச் செலவாகியிருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் அவர் சோலி. முக்கியமான இடம் வந்தபோது பஸ்ஸும் வந்துவிட்டது. மனுஷன் பாதி டீயை வைத்துவிட்டு ஏறிப் போயே போய்விட்டார்!

2

தொடக்கம் ஒன்று: வில்பட்டிச் சரிவுகளில் பனிப்படலம் மெல்ல விலக...

வேண்டாம். பனி விலகினால் என்ன, விலகாவிட்டால் என்ன?

தொடக்கம் இரண்டு: குருநாதன் வில்பட்டி இளைஞர் மன்றத்துக்குள் நுழைந்தார். வெள்ளையடித்த ஒற்றை அறை. சுவரோரம் ஒரு மணைமேல் புத்தம்புதுக் கால்பந்து, சந்தனமும் குங்குமமுமாக.

"என்னய்யா இது?"

"மன்றத்துப் பந்துங்க. ஒரு கீறல் விழாம வச்சிருக்கோம்" என்றான் சின்னக்கருப்பன். பூண்டு போடுகிற இளவட்டம், அவன்தான் மன்றத் தலைவன்.

"விளையாடவே இல்லையா?"

"பந்து வந்த வாரமே ஆயுத பூசைங்க. பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டோம். பெறகு எப்படிங்க அதுமேல கால் வைக்கிறது?"

3

(இங்கே அதிகாரியைச் சிரிக்கவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். கோயில் சேவைக் குடும்பத்தில் பிறந்தவர். எனக்குச் சிரிப்பு வந்தால் அவருக்கும் வர வேண்டுமா?)

வாங்கிய பொருள் பயன்படவில்லை என்று அவர் எழுதினால் மானியம் நின்றுவிடும். அறைக்கு வாடகை கட்ட வழியில்லை. உருளைக்கிழங்கு மூட்டை அடுக்க ஒரு வியாபாரி அதை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ இங்க என்னதான் நடக்குது?"

"வந்து பாருங்க சார்."

அறுப்பு முடிந்த பூண்டுக் காட்டில் பசங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த பூண்டுத் தாளை இறுக்கிக் கயிறு சுற்றிய உருண்டைதான் பந்து. "ஏலே, வெரசா ஓடுலே!" என்று வரப்பில் நின்று வேலுத்தாய் என்றொரு பெண் ஆடிக்கொண்டிருந்த தன் தம்பியை விரட்டினாள்.

"மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரு கிணத்துல தண்ணி எடுக்காதுங்க" என்றான் சின்னக்கருப்பன். "அந்த ரூம்புலதான் ஒண்ணா உக்காருறோம். அது போச்சுன்னா எல்லாம் போச்சுங்க."

அடடா, என்ன பிள்ளைகள்! கொடுத்த காசுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? (இது நான் கேட்பது. ஆபீஸ் கேட்பது பந்தை.)

4

"பொய் எழுத என்னால ஆகாது" என்றார் குருநாதன். "ஒரே ஒரு தடவை அந்தப் பந்தை என் கண்ணு முன்னால உதைங்க. பயன்பட்டதுன்னு தெம்பா எழுதிடுறேன்."

சின்னக்கருப்பன் பந்தை எடுத்துவந்தான். துண்டால் பொட்டைத் துடைத்துக் காட்டின் நடுவில் வைத்தான். பின்னால் போனான், ஓடிவந்தான், பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டான்.

"சார்... மொதல்ல நீங்க உதைங்க."

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பஸ் வந்தது.

5

சின்னக்கருப்பனையே உதைக்கவைத்து எழுதிப் பார்த்தேன். எழுதிய எனக்கே கால் கூசியது. குருநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி உதை... ம்ஹூம். இல்லாததை எழுதிக் காப்பாற்றினார் என்று முடிக்கலாம், ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.

ஆக, பந்து இன்னும் காட்டில்தான் கெடக்கு. இரண்டு தெருவும் சேர்ந்து நின்று பார்க்கிறது. யாராவது உதைத்தால் மன்றம் பிழைக்கும்.

உங்களுக்கென்ன, வாசகர்தானே. சாமி குத்தம் புத்தகத்துக்கு வெளியே வராது. வாங்க, நீங்களே உதைங்க.

செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாங்க.