தூக்கக் கூடாத மேப்பிள்

ஏப்ரலில் மலையிலிருந்து தோண்டிவந்த குட்டை மேப்பிள் மரத்தைத் தோக்குஜி காட்டாத ஆள், ஜப்பானின் நாகானோவில் அவர் தெருவில் கிடையாது. தபால்காரர் வந்தாலும் தொட்டியோடு வாசலுக்குத் தூக்கிவந்துவிடுவார். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். கை சும்மா இருக்காது.

ஜூனில் இலைகளின் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டன. தோக்குஜிக்குச் சோறு இறங்கவில்லை. மலைக்குச் சொந்தக்காரரான நெசு, மர அறுவை மில் வைத்திருந்த முரட்டு ஆசாமி. புதுச் சாலைக்காக அந்தச் சரிவை வெட்டப்போகிறார்கள் என்றதும் ஏப்ரலில் தோக்குஜியைக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர்தான். "இதை மட்டும் எடுத்துக்க. என் பொண்டாட்டி இருந்தவரைக்கும் சாப்பாட்டுப் பையை இதுலதான் மாட்டுவா. இலையுதிர் காலத்துல இலை சிவக்கும்போது வந்து பாப்பேன். செத்துப்போச்சுன்னா போன்ல சொல்லாதே, நேர்ல வந்து சொல்லு."

நேரில் போய்ச் சொல்லும் நிலை வரக் கூடாதென்று தோக்குஜி, தொட்டியில் குட்டை மரம் வளர்ப்பவர்களின் போன்சாய் சங்கத்துக்கு ஓடினார்.

அங்கே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெயில் போதாது என்றார் ஒருவர். வெயில் அதிகம் என்றார் அடுத்தவர். உரம் போடு என்றார் செயலாளர் குவாபாரா, பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தாலும் உரம் போடச் சொல்லும் மனிதர். தோக்குஜி எதையும் விடவில்லை. காலையில் வெயிலுக்குத் தூக்கினார், மதியம் நிழலுக்குத் தூக்கினார். இலைகள் இன்னும் கருகின.

அவர் மனைவி ஃபுசாயே முப்பது வருஷம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். ஒருநாள் இரண்டு விரலால் அடிமரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள்.

"ஆடுது."

"அதுக்கென்ன?"

"பல்லு ஆடினா நாக்கால நோண்டாதேன்னு எங்க டாக்டர் சொல்வார். நீங்க தூக்குறப்பெல்லாம் புதுசா விடுற வேர் அறுந்துபோகுது. வேரே இல்லன்னா இலைக்குத் தண்ணி எங்கேருந்து போகும்?"

"பாக்கணும்னு வர்றாங்களே, என்ன செய்ய?"

"யாரு வர்றா? தபால்காரரை நீங்கதான் கையப் புடிச்சு இழுக்குறீங்க!"

அன்றே வீட்டின் பின்னால், பதினோரு கல்படிகளுக்கு மேலே, காற்று அடிக்காத அரை நிழலில் மரத்தை வைத்தாள். மரத்தைத் தொட்டியோடும் தொட்டியைப் பலகையோடும் கம்பியால் கட்டினாள். உரப் பொட்டலம் குவாபாராவுக்கே திரும்பிப் போனது. மேல்மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர். கருகிய இலையைக் கிள்ளப் போன தோக்குஜியின் கையில் ஒரு அடி போட்டாள். "பாதி பச்சையா இருக்குல்ல? அது வேலை செய்யுது, விடுங்க." பலகையில் ஒரு அட்டையும் தொங்கியது: 'தொடாதீர்கள். முக்கியமாக, தோக்குஜி.'

அவர் தினமும் படியேறி, கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு மொட்டுகள் கறையில்லாமல் விரிந்தபோது அழுதேவிட்டார்.

அக்டோபர் முடிவில் நெசு டாக்ஸியில் வந்து இறங்கினார். பழம் பறிக்க ஏறிய சீமைப்பனிச்சை மரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டு.

"பதினோரு படியா? என்னால ஏற முடியாது. மரத்தைக் கீழே கொண்டா."

தோக்குஜி மேலே ஓடினார். பதினான்கு இலைகள், அத்தனையும் சிவப்பு. கை தானாகக் கம்பிக்குப் போனது. பலகையில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. கையை இழுத்துக்கொண்டு இறங்கிவந்தவர், நெசுவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறுங்க."

"பைத்தியமா உனக்கு? நான் எழுபத்தெட்டு கிலோ. மரம் பத்து கிலோகூட இருக்காது!"

"இருக்காதுதான். ஆனா உங்களுக்குப் புது வேர் எதுவும் விடலையே."

அவரைச் சுமந்து ஏறிய தோக்குஜி, ஆறாவது படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மேலே போனதும் நெசு முதுகில் இருந்தபடியே கையை நீட்டினார். அட்டையைப் படித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்.

"அந்தக் கீழ்க் கிளைதான்," என்றார். "பையை அதுலதான் மாட்டுவா."

தோக்குஜி அவரை முதுகில் சற்று ஏற்றிப் பிடித்தார். "இறக்கி விடட்டுமா?"

"இரு. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."