காட்டுமாடு வராத சரிவு

…கையெழுத்து என்னுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை, வெள்ளைத்துரை என்று சுழித்துக் கீழே ஒரு கோடு வேறு இழுத்திருக்கிறேன், பெரிய கலெக்டர் என்று நினைப்பு… ஏழு வருடத்துக்கு முன்னால் போட்டது, இந்த எழுத்தர் ஈஸ்வரியம்மா எங்கிருந்துதான் தேடி எடுத்தாரோ, போடி அலுவலகத்தில் நாம் கேட்கிற காகிதம் ஒருநாளும் கிடைக்காது, நம்மைக் கவிழ்க்கிற காகிதம் மட்டும் தூசி தட்டி மேசைக்கு வந்துவிடும். இந்தச் சரிவில் வனவிலங்கு நடமாட்டம் இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே நான், எனக்குக் கீழே குரங்கணியில் தோட்டம் வைத்திருக்கிற ஒன்பது பேர், நான் போட்டதைப் பார்த்துத்தான் அவர்களும் போட்டார்கள். இன்று நான் கொண்டுவந்திருக்கும் ஆட்சேபணை மனுவோ, காட்டுமாடுகள் காலங்காலமாகக் கொட்டகுடி ஆற்றுக்கு இறங்குகிற வழி இது, இதைக் கட்டடம் கட்டும் பகுதியாக மாற்றாதீர்கள் என்கிறது… எந்த மூஞ்சியோடு நீட்டுவது? அன்றைக்கு விலங்கு போகிற வழியைக் குறிக்க வனத்துறை ஆட்கள் வந்தபோது எனக்கு மேல்பக்கத்துத் தோட்டத்து முத்துப்பாண்டிதான் காதைக் கடித்தான், “அண்ணே, மாடு வருதுன்னு ஒரு வார்த்தை சொன்னீக, நம்ம தோட்டத்தையும் காடுன்னு எழுதிப்புடுவாக, பெறகு ஒரு மிளகுக்கொடி நட முடியாது.” அன்று காலையில்தான் என் காப்பிச்செடிகளை மிதித்துத் துவைத்துவிட்டுப் போயிருந்தன, சாணிகூடக் காயவில்லை, அதன்மேல் சருகை அள்ளிப்போட்டு மூடிவிட்டு வந்து, இல்ல சார், இங்க முயல்கூட வராது என்றேன். முயல்கூட! என்ன வாய் இது…

அதே முத்துப்பாண்டி இப்போது பன்னிரண்டு ஏக்கரையும் விற்றுவிட்டான், வாங்கியவர் அறுபது அறை வைத்து விடுதி கட்டப்போகிறாராம், இரண்டு பக்கமும் ஏற்கெனவே மதில், நடுவில் மிச்சமிருந்த திறப்பு அது ஒன்றுதான். போன மாதம் கம்பிவேலி போட்ட அன்றே ஒரு தாய்மாடு கன்றோடு வந்து அந்தப் பக்கம் வெகுநேரம் நின்றது, முட்டக்கூட இல்லை, வழி தப்பிவிட்டோமோ என்று யோசிப்பதுபோல நின்றது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. “அப்ப சொன்னது பொய்யின்னு எழுதித் தர்றீகளா அய்யா? மத்த ஒம்பது பேரும் வருவாகளா?” என்கிறார் ஈஸ்வரியம்மா. யார் வருவார்கள்… நாலு பேர் விற்றாயிற்று, மற்றவர்கள் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பெண், குரலில் கேலி இல்லை, அதுதான் இன்னும் உறைக்கிறது.

“இன்னைக்குத்தான் கடைசி நாளு. மனு நிக்கும்னு எனக்குத் தோணல, இருந்தாலும் எந்த வழியா வருதுன்னு இதுல கோடு போட்டுக் காட்டுங்க, மனுவோட சேத்து வைக்கிறேன்” என்று வரைபடத்தை விரித்துப் பென்சிலைத் தருகிறார். இதாவது முடிகிறதே… மேலே சோலையில் தொடங்கி, பாறைமுகடு தாண்டி, முத்துப்பாண்டி நிலத்துக்குள் நேராக இறங்கி, அப்படியே ஆறுவரைக்கும் இழுத்துவிட்டேன், எத்தனை வருடமாகப் பார்க்கிற வழி! ஈஸ்வரியம்மா குனிந்து பார்க்கிறார். “இங்கன ஏன்யா வளையுது? அந்தப் பக்கம் செங்குத்தாப் பள்ளமாச்சே, மாடு எப்படி இறங்கும்?” இறங்காது… எந்த மாடும் அதில் இறங்கியதில்லை, அவை நேராக என் காப்பிக்குள்தான் நடக்கும், வளைந்தது என் கோடு, என் நிலத்தின் எல்லையை ஒட்டி, ஒரு செடியைக்கூடத் தொடாமல், அத்தனை சுத்தமாக வளைந்திருக்கிறது. முத்துப்பாண்டியைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேனா? ஈஸ்வரியம்மா ரப்பரை நீட்டுகிறார். வாங்கி வைத்திருக்கிறேன்… இன்னும் அழிக்கவில்லை.