எழுந்து நிற்கக் கூடாது

சீனக் கடை முதலாளி தவுக்கேயிடம் இரவல் வாங்கிய நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தங்கராஜு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. முற்றத்தில் இறக்கினான். ஒரு கால் குட்டை. தேங்காய் ஓட்டுத் துண்டு ஒன்றை அடியில் செருகி, ஆட்டிப் பார்த்து, "ம், உக்காருங்கண்ணே" என்றான்.

செல்லப்பன் உட்காரவில்லை. அந்தக் கம்பத்துக் குடியிருப்பில் இதுவரை நாற்காலி என்ற ஒன்று இருந்ததே இல்லை. பாய் இருந்தது, பலகை இருந்தது, வெட்டிப்போட்ட மரத்துண்டுகள் இருந்தன. யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள். இப்போது முற்றத்து நடுவில் நான்கு காலில் நின்ற அந்தச் சாமானைப் பார்க்க, அவசரமாகப் பிடித்துவந்து கட்டிய யாருடைய மாடோ போலிருந்தது.

ரப்பர் விலை விழுந்து தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக் கட்டியபோது பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஏறாமல் நின்ற ஒன்பது குடும்பம் இந்தக் காட்டை வெட்டி, மரவள்ளியும் அன்னாசியும் போட்டது. யோசனை தங்கராஜுவுடையது. சிங்கப்பூர் அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவன் அவன். அங்கே வேலைநிறுத்தம் செய்து, போலீஸ் தேட, கடலைத் தாண்டி வந்தவன். ஒரே நிலம், ஒரே அடுப்பு, விளைந்தது எல்லாருக்கும் என்றான். சுற்றுவட்டாரத்தில் 'கூட்டுக்கம்பம்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இவர்கள் மண்ணைக் கொத்தினார்கள்.

கம்பத்துக்குப் பல விதிகள். முதல் விதி, யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்கக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஒரே அடுப்புக்குக்கூடப் பெண்கள் சண்டை போட்டு, முகம் தூக்கி, கடைசியில் சேர்ந்துவிட்டார்கள். முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. சப்பாத்துச் சத்தம் கேட்டால் போதும், செல்லப்பன் தன்னை அறியாமல் எழுந்துவிடுவான். தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். அப்போதெல்லாம் தங்கராஜு அவன் தோளை அழுத்தி உட்கார வைத்து, "யாருக்குண்ணே எந்திரிக்கிறீங்க? வந்தது பன்னி வாங்குற சீனன்" என்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செல்லப்பனும் சிரிப்பான். அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் உட்காரக் கற்றுக்கொண்டான்.

'எல்லாருடைய நிலம்' என்றால் நில ஆபீசுக்குப் புரியாது. லைசன்ஸில் ஒரு பேர் வேண்டும். "ஆசையே இல்லாத ஆளு நம்ம செல்லப்பண்ணேதான்" என்று சொல்லித் தங்கராஜுதான் அவன் பேரைப் போட வைத்தான்.

அந்தப் பேர்தான் இப்போது நாற்காலியாக வந்து நிற்கிறது. அன்னாசி ஏற்றும் லாரிக்கார மரியநாதன் முந்தின நாள் சேதி கொண்டுவந்திருந்தான். "முதலாளி கெடையாது, கூலி கெடையாது, ஒரே பானையில பொங்கித் திங்கிறானுங்கன்னு எவனோ ஊதி விட்டுட்டாண்ணே. காலையில வெள்ளக்கார இன்ஸ்பெக்டரு வர்றாரு. கம்யூனிஸ்டுன்னு எழுதிட்டான்னா நெலமும் போச்சு, நீங்களும் கப்பல்தான்." கப்பல் என்றதும் எல்லாரும் தங்கராஜுவைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்காவது இந்தியாவில் ஒரு ஊர்ப்பேர் ஞாபகம் இருந்தது. சிங்கப்பூரில் பிறந்த அவனுக்கு அதுவும் இல்லை. அவன் மட்டும் கவலைப்பட்டவனாகத் தெரியவில்லை. "ஒரு காலையில தோட்டமா மாறிட்டாப் போச்சு. செல்லப்பண்ணே மொதலாளி, நாமெல்லாம் கூலி. நாடகம்தானே!"

நாடகத்துக்கு ஒத்திகை நடந்தது. கிருஷ்ணம்மா தன் புருஷன் செல்லப்பனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, பொத்தானைப் போட்டபடி, "மூஞ்சிய கொஞ்சம் மொறப்பா வைங்க. வயித்துவலிக்காரன் மாதிரி இருக்கீங்க" என்றாள்.

"மொதலாளி மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

அது உண்மைதான். இருபது வருஷம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவன் துரைகளையும் கங்காணிகளையும் கால்களாக மட்டுமே அறிவான். எந்தச் சப்பாத்து கோபமாக வருகிறது, எது சும்மா வருகிறது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவான். அதற்கு மேலே பார்த்ததில்லை.

கார் வரும் சத்தம் கேட்டது. ஆண்களும் பெண்களும் தோட்டத்தில் பேர் கூப்பிடும் காலைப் பிரட்டுக்கு நிற்பதுபோல வரிசை கட்டினார்கள். உலை வைத்திருந்த காளியம்மா அடுப்படியை விட்டு ஓடிவந்து ஓரத்தில் நின்றாள். தங்கராஜு நடுவில் நின்றான். செல்லப்பன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்தான். வியர்வையில் அவை வழுக்கின.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முதலில் இறங்கினார். பின்னால் நில ஆபீஸ் கிளார்க்கு ஐயாசாமி, கக்கத்தில் குடையோடு. சப்பாத்து செம்மண்ணில் பதிந்ததும் செல்லப்பன் எழுந்தான். அதுகூடப் பரவாயில்லை, விருந்தாளிக்கு எழுந்ததாக இருக்கும். துண்டும் தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குள் போய்விட்டது.

கிருஷ்ணம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு அது ஒன்றுமில்லை. ஐயாசாமிக்கு அப்படியில்லை. அவர் துண்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அடியில் செருகியிருந்த தேங்காய் ஓட்டைப் பார்த்தார். "நீங்கதான் மொதலாளிங்களா?" என்றார் மெல்ல.

"ஆமாங்க... ஆமா."

"சமையல் எங்க நடக்குது உங்களுக்கு?"

"அங்க பின்னால. நமக்கு ஒரு அடுப்பு, கூலிங்களுக்கு ஒரு அடுப்பு." ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி சொல்லிவிட்டான். குரல்தான் யாருடையதோ போலக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் வரிசையை ஒட்டி நடந்தார். ஒவ்வொரு தலையும் குனிந்தது. தங்கராஜு முன்னால் வந்ததும் அந்தச் சப்பாத்து நின்றது.

தங்கராஜு குனியவில்லை. எல்லாருக்கும் கூலி வேஷம் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தனக்குப் போட வரவில்லை. தோட்டத்தில் ஒருநாள்கூட நின்றவனில்லையே! தலைப்பாகையும் அப்படியே, முதுகும் நேர். துரையின் கண்ணை வழியில் எதிர்ப்படும் யாரோ ஒருவனின் கண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் திமிரைக்கூட அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கு வேறுமாதிரி பார்க்கத் தெரியாது.

"சியாப்பா இனி?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார். ஐயாசாமி தமிழில் திரும்பச் சொன்னார். "இவன் யாருன்னு கேக்குறாரு. எங்கேர்ந்து வந்தவன்?"

அடுப்படியில் உலை கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. அதை இறக்கக்கூட ஒருவரும் அசையவில்லை. இன்ஸ்பெக்டரின் கை நோட்டுப் புத்தகம் இருந்த சட்டைப்பைப் பக்கம் போனது. செல்லப்பன் அந்தக் கையைப் பார்த்தான். கப்பலைப் பார்த்தான். அதன் தட்டில் இந்தப் பையன் அதே நேர் முதுகோடு நிற்பதைப் பார்த்தான்.

நாற்காலியை எப்போது விட்டான், முற்றத்தை எப்படிக் கடந்தான் என்று பிற்பாடு அவனால் சொல்ல முடியவில்லை.

"ஏண்டா நாயே, தொர வந்து நிக்கிறாரு, தலப்பாவ அவுக்கத் தெரியாதா? தின்ன கொழுப்பாடா?"

கை விழுந்தது. தலைப்பாகை எகிறிப் போய் மண்ணில் கிடந்தது. அந்தச் சத்தம் கொட்டகையில் மோதித் திரும்பியதுபோல இன்னொரு தரம் கேட்டது.

வார்த்தைகள் அவனுடையவை அல்ல. பழைய கங்காணியுடையவை. தொண்டைக்குள் எங்கேயோ இத்தனை நாள் பத்திரமாக இருந்திருக்கின்றன, ஒன்றுகூடத் தேயாமல். தங்கராஜு கன்னத்தைப் பிடித்தபடி அவனையே பார்த்தான். பிறகு மெதுவாக, யாரோ பின்னாலிருந்து அழுத்துவதுபோல, குனிந்தான்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "பாகுஸ்" என்றார். நல்ல முதலாளிதான். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார், உள்ளே போகவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தார். ஐயாசாமி மட்டும் கடைசி நிமிஷம் செல்லப்பன் பக்கமாக வந்து, குடையை விரிப்பவர்போலக் குனிந்து, "லைசன்சு புதுப்பிச்சிடுறேன். அடுத்த வருசமும் வருவாங்க" என்றார். இரண்டடி நடந்து திரும்பினார். "துண்ட தோள்லயே வச்சுப் பழகுங்க, மொதலாளி."

கார் திரும்பித் தென்னைகளுக்குள் மறைந்ததும் வரிசை கலைந்தது. கூலியாக வரிசையில் நின்ற லாரிக்கார மரியநாதன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, "அலமாக்! உசுரே போச்சுடா சாமி" என்றான். யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு கூடி வரவில்லை. காளியம்மா உலையை இறக்க ஓடினாள். தன் கையைப் பார்த்தபடி நின்ற செல்லப்பனிடம், "வேற வழியில்ல" என்றாள் கிருஷ்ணம்மா. சொல்லிவிட்டு அவளும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தங்கராஜு கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். செல்லப்பன் பக்கத்தில் போய் வாளியை எடுத்து நீர் சேந்திக் கொடுத்தான்.

"தம்பி..."

"இல்லண்ணே. நீங்க செஞ்சது சரி. அடிக்கலன்னா என்னைய கப்பல்ல ஏத்தியிருப்பான். எனக்குத் தெரியும்." வாயைக் கொப்பளித்துத் துப்பினான். எச்சிலில் சிவப்பு கலந்திருந்தது. "ரெண்டாவது அடி எதுக்குண்ணே?"

"எந்த ரெண்டாவது?"

தங்கராஜு நிமிர்ந்து பார்த்தான். செல்லப்பன் உண்மையாகவே கேட்கிறான் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஏதோ மாறியது. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லி, தலைப்பாகையை உதறி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செல்லப்பன் கொட்டகையைப் பார்த்தான். அத்தாப்பு ஓலைச் சுவர். அதில் எந்தச் சத்தமும் மோதித் திரும்பாது.

உச்சி வெயிலில் சோற்று மணி அடித்தது. எப்போதும்போல நீளமாகப் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி இன்னும் முற்றத்திலேயே கிடந்தது. அதை எடுத்துப் போகச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் மணத்தன. செல்லப்பன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது பேச்சு நின்றது. வரிசையின் கடைசியில், அவனுக்கு எப்போதும் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காளியம்மா உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுந்தாள்.

இடம் விடத்தான் நகர்ந்தாளோ என்னவோ. அவளுக்கே தெரிந்திருக்காது. முழங்கால் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது, முந்தானையை இழுத்துப் போர்த்தியும் விட்டாள். அதற்குப் பிறகு மேலே போகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் அப்படியே நின்றது அவள் உடம்பு. தங்கராஜு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லப்பனின் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. சோறு ஆவி விட்டது. அவள் உட்காரட்டும் என்று அவன் நின்றான். அவன் உட்காரட்டும் என்று அவள்.