எல்லையோரத்து வெள்ளைப் பட்டை

ஆபீஸில் எல்லோரும் 'மேப் அக்கா' என்று கூப்பிடும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எது காடு, எது வயல், எது வெறுந்தரை என்று நிறம் தீட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு நாட்டு ஆபீஸும் தன் பங்கை இணையத்தில் ஏற்ற, எல்லாம் ஒட்டி உலகத்துக்கே ஒரு வரைபடம் ஆகும். யாரும் எடுத்துக்கொள்ளலாம். காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்புகிறவர்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

வம்பு எல்லையில் வந்தது. எல்லையோரத்து மலைச்சரிவை இரண்டு நாட்டு ஆபீஸும் சேர்ந்து தீட்ட வேண்டும். இவள் 'காடு' என்றாள். அந்தப் பக்கத்துக்காரர் 'புதர்' என்றார். இவள் மாற்ற, அவர் திருப்பி மாற்ற, கருத்துப் பெட்டியில் ஒரே ரகளை. அவருக்கு முள்ளம்பன்றி என்று பெயரும் வைத்துவிட்டாள். இருவரும் ஒத்துப்போகாத இடத்தை வரைபடம் வெள்ளையாக விட்டுவிடும். வெள்ளைக்கு எச்சரிக்கை கிடையாது. அந்த அடிவாரத்துத் தீயணைப்பு நிலையத்தில்தான் அவள் தம்பி வண்டி ஓட்டினான்.

"போன தடவை சரிவுல தீப்பிடிச்சப்ப, புகையைக் கண்ணால பாத்த பிறகுதான் கிளம்பினோம்கா. போறதுக்குள்ள தீ எங்களைச் சுத்திக்கிச்சு. தப்பிச்சதே பெரிய விஷயம்" என்றான் போனில்.

"அந்த மனுஷன் விடமாட்டேங்கிறார்டா."

"நீ மட்டும் விட்டியா?"

சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு, அதுவரை திறந்தே பார்க்காத அந்தப் பக்கத்து ஆபீஸின் விதிமுறையைப் படித்தாள். இங்கே கால்வாசித் தரையில் மர நிழல் இருந்தாலே காடு. அங்கே பாதியாவது வேண்டுமாம். மரம் என்னவோ அதே மரம்தான். வீம்பை விழுங்கிக்கொண்டு எழுதினாள்.

"ஐயா, பேரை விடுங்க. எவ்வளவு நிழல், மரம் எவ்வளவு உயரம்னு மட்டும் ரெண்டு பேரும் போடுவோம். அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க பேரு வச்சுக்கட்டும்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்காதேம்மா" என்று பதில் வந்தது.

அளவுகளைப் போட்டுப் பார்த்தால் தகராறுக்கு இடமே இல்லை. வெள்ளைப் பட்டை நிரம்பியது.

அடுத்த கோடையில் ஒரு மதியம், அவள் திரையில் அதே சரிவின் மேல் தீ எச்சரிக்கையின் சிவப்புப் புள்ளி மின்னியது. தம்பி போனை எடுக்கவில்லை. அவள் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம்தான் கூப்பிட்டான். "அணைச்சாச்சுகா. ஒரு ஓரம்தான் கருகிச்சு. நாங்க போறப்பவே அந்தப் பக்கத்து வண்டியும் வந்து நின்னுச்சு."

அவள் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் முள்ளம்பன்றியின் செய்தி: "உங்க பக்கம் யாருக்கும் ஒண்ணுமில்லையேம்மா?"

"இல்லீங்க, எல்லாரும் நல்லாருக்காங்க. எங்க வண்டியை ஓட்டினது என் தம்பிதான்" என்று எழுதினாள்.

பதில் வந்தது.

"எங்க வண்டியில என் பொண்ணு இருந்தாம்மா."