நீலத் தக்காளியும் சாந்தாமணியின் அடைப்புக்குறிகளும்

1

இந்தக் கதை என் இடது கண்ணில் பிறந்தது. புரை விழுந்து, ஆபரேஷன் ஆகி, நாற்பது நாள் மொட்டை மாடிக்குப் போகக் கூடாது என்று என்னை உட்கார வைக்காமல் இருந்திருந்தால் எழுத எதுவுமே இருந்திருக்காது. (டாக்டர் சொன்னது முப்பது நாள்.)

அடைப்புக்குறிக்குள் பேசுவது என் மனைவி சாந்தாமணி. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்தான். பென்சிலோடு உட்காருவாள். நான் ஏற்றிச் சொன்னதையெல்லாம் இறக்கி வைப்பாள். அவள் எழுதியதை அழித்துவிட்டு உங்களிடம் தரலாம்தான். மனசு வரவில்லை. அவள் பிடித்துக்கொள்ளாவிட்டால் என் வாக்கியங்கள் மருதமலையைத் தாண்டிப் போய்விடும். (பக்கத்து ஊட்டைத் தாண்டாதுங்க.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "கோயம்புத்தூரில் மழை பிடித்துக்கொண்டது, அப்போது..." அன்று மழையே இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டு: "வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் ஏழடிக்கு ஒரு தக்காளிச் செடி நின்றது." (அஞ்சே கால். டேப்பு வெச்சு அளந்தேன்.)

மூன்றாவதுதான் நடந்தது. விவசாயக் கண்காட்சியில் ஒரு பெண் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே செர்ரி தக்காளி, நெல்லிக்காய் அளவு. நீலம். நான் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போய் யார் காலையோ மிதித்தேன். தக்காளி சிவப்பு என்பதை அறுபத்து நாலு வருசமாக நான் சந்தேகப்பட்டதே இல்லை. இனி எதைத்தான் நம்புவது? மயில் கழுத்து நீலம், கண்ணைப் பறித்தது. (வெதப் பாக்கெட்டுப் படத்துல கத்தரிக்காய் நெறம்.)

விதை வாங்கினேன். பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார்த்தூள் வரவழைத்துப் பன்னிரண்டு பைகளில் நிரப்பினேன். (எட்டு.) விதையோடு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஏழு வரி. ஆறு வரி தண்ணீர், உரம், குச்சி கட்டுவது. ஏழாவது வரியில் (ஏன் பாதியில நிக்குது?)

பிறகு சொல்கிறேன்.

3

பிரான்சிஸை இந்தக் கதைக்குள் விடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். ரொம்ப நல்ல மனுசன். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதையை நகர்த்துவது கஷ்டம். ஆனால் அவர் இல்லாமல் இது கதையே இல்லை.

மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பத்து நாலு வருசம் எனக்கு அடுத்த மேசை. பழுதான பம்பைக் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்லுவார். "ஐயாசாமி சொன்னா பாதி கழிச்சுக்கோணும்" என்று கம்பெனி முழுக்கப் பரப்பியதும் அவரே. எனக்கும் அது பிடித்திருந்தது. கழிப்பார்கள் என்று தெரிந்து, முன்கூட்டியே இரண்டு மடங்காகச் சொல்லிவந்தேன்.

போன தை மாதம், காலையில் நடக்கும்போது சொன்னேன்: "பிரான்சிஸ், எடது கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க."

"பாதி கழிச்சா நல்லாத் தெரியுதுன்னு அர்த்தமுங்க" என்றார்.

கூட நடக்கும் எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வழியில் கிடந்த கல் தெரியாமல் விழுந்தேன். (இத எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.)

எழுந்து மண்ணைத் தட்டும்போது தோன்றியது, யாராலும் கழிக்க முடியாத ஓர் உண்மை எனக்கு வேண்டும் என்று. மாடியில் செடி முழங்கால் உயரம் வந்திருந்தது.

"எங்க ஊட்டுல நீலத் தக்காளி காய்க்கப் போகுதுங்க" என்றேன்.

"பாதி கழிச்சா?"

"கழிக்க முடியாதுங்க. பாதி நீலம்னு ஒண்ணு கெடையாது."

பிரான்சிஸ் நின்றார். "பங்குனி கடைசி ஞாயித்துக்கெழமை எல்லாரும் வாரோம். நீலமா இருந்தா இனி உங்க பேச்சுல ஒரு சொல்லு கழிக்க மாட்டேன். செவப்பா இருந்தா முழுசாவே கழிச்சுப்போடுவேன், பாத்துக்குங்க."

4

பூ விட்ட வாரம் ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, வெயில் ஆகாது, தூசி ஆகாது. செடி சாந்தாமணி கைக்குப் போயிற்று. முப்பத்தெட்டு வருசமாக என் பேச்சில் ஒன்றைக்கூட நம்பாதவள் கைக்கு. அவள் மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் கேட்பேன்.

"காய் புடிச்சிருக்குதா அம்மணி?"

"புடிச்சிருக்குதுங்க."

"நெறம்?"

"பேசாம இருங்க. நெறத்தச் சொன்னா கண்ணு பட்டுரும்."

வாசலில் பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வீடு இது. நான் ஆச்சரியப்படவில்லை. அவள் வாயைக் கட்டினாள், நான் அவிழ்த்துவிட்டேன். கண் ஆஸ்பத்திரி நர்ஸ், ஆட்டோக்காரர், பேக்கரி, சிலிண்டர் போட வந்தவர், எதிர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் என்று ஒரு ஐம்பது பேரிடம் சொல்லியிருப்பேன். (நூறுக்கு மேல. இதுல மட்டும் கொறச்சு எழுதியிருக்கீங்க.)

5

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் வந்தார்கள். பிரான்சிஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நான் முன்னால் ஏறினேன், இரண்டு இரண்டு படியாக. (கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொண்ணா.) மாடியில் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

சிவப்பு.

மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும் அதே சிவப்பு. கொத்துக் கொத்தாக, எட்டுப் பைகளிலும். முதலில் ஆபரேஷனைச் சந்தேகப்பட்டேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பு. வலதை மூடிப் பார்த்தேன். சிவப்பு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. (நெசம்.)

சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. பிரான்சிஸ் ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா இனிக்குதுங்க" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "படியில பாத்து எறங்குங்க" என்றார்.

அவர்கள் போனபின் சமையலறையில் சாந்தாமணி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு சென்னிமலைப் போர்வைகள், மடித்து வைத்திருந்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டு வந்துட்டீங்க. எதுத்தாப்புல அஞ்சு மாடிக்கும் பால்கனி. விடியறப்பவே செடியச் சுத்திப் போர்வையக் கட்டிருவேன், பொழுது எறங்குனாத்தான் அவுப்பேன். இன்னிக்கு நீங்கல்லாம் வாரதுக்கு முன்னாலதான் எடுத்து வெச்சேன். பழுத்தா நீலமாயிரும்னு இருந்தேன். அப்படியும் கண்ணு பட்டுப்போச்சுங்க."

ஞாயிற்றுக்கிழமையின் இரண்டாவது அதிர்ச்சி இது. தக்காளி சிவந்ததைவிடப் பெரியது.

"நீ நம்புனயா?"

"நம்பாமயா நாப்பது நாள் கட்டுனேன்?" (முப்பது. அழுதுட்டே சொன்னதுல தப்பா வந்துருச்சு.)

6

இந்தப் பக்கத்தில் அடைப்புக்குறி கிடையாது. சாந்தாமணி இதைப் படிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஏழாவது வரி இது: காயின் மேல் நேராக வெயில் படும் இடம் மட்டும் நீலமாகும், மறைவில் இருப்பது சிவப்பாகவே பழுக்கும்.

கண் பட்டதால் அல்ல. கண் படாமல் இருக்கக் கட்டிய போர்வையால்.

அன்று மத்தியானம் தனியாக மாடிக்குப் போனேன். மூலையில் இருந்த பையில், காலையில் நாங்கள் பார்க்காத வெளிப்பக்கமாக, ஒரே ஒரு பழம் பாதி நீலம், பாதி சிவப்பு. கத்தரிக்காய் நீலம்தான், அவள் சொன்னது சரி. கீழே வந்து போர்வைகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் ஓரமாக விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது.

பழம் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பிரான்சிஸிடம் காட்டுவது. இனி அவர் கழிக்க மாட்டார். ஆனால் ஏன் பாதி என்று கேட்பார். பம்பின் கோளாறைக் காதால் பிடித்தவர், போர்வைக்கு வந்து சேர ஒரு நிமிசம் போதும். அப்புறம் அந்த எட்டுப் பேருக்கும் சாந்தாமணி தக்காளிக்கு வெயிலை மறைத்தவள் ஆகிவிடுவாள்.

யாருக்கும் தெரியாமல் தின்றுவிடுவது. பழி ஊர்க் கண்ணுக்கே போகட்டும். இதைத்தான் எழுதி முடித்து வைத்திருந்தேன். நேற்று அவள் மறுபடி விதை போட்டாள். "இந்தத் தடவ எட்டுப் போர்வைங்க" என்றாள்.

அவளிடமே சொல்வது. "சாந்தாமணி, அந்தப் போர்வை" என்று ஒரு வாக்கியம். "நீ கட்டுனது தப்பில்ல, ஆனா" என்று இன்னொன்று. "வெயிலு" என்று மூன்றாவது. ஒன்றும் முடியவில்லை. முப்பத்தெட்டு வருசத்தில் அவள் நம்பிய ஒரே ஒரு பேச்சு. அதை அவள் கையே கெடுத்தது என்று நான் எப்படிச் சொல்வது?

முதல் ஐந்து பகுதியைக் கொடுத்தேன். படித்து முடித்துத் தாள்களை எண்ணினாள்.

"ஏழாவது வரி பொறகு சொல்றேன்னு எழுதியிருக்கீங்க. எங்கீங்க?"

"மறந்துபோட்டேன் அம்மணி."

நம்பவில்லை. அது அவளுக்குப் பழக்கம்தான்.

இந்தத் தாள் இனி உங்களிடம். பழத்தையும் இதிலேயே பொதிந்து தருகிறேன், நசுக்கிவிடாதீர்கள். அவள் உங்களைத் தேடி வருவாள். "ஏனுங்க, இவரு எதையாச்சும் எழுதாம விட்டுப்போட்டாருங்களா?" என்று கேட்பாள். கையில் பென்சில் வைத்திருப்பாள்.