அம்மன் பேசக் கூடாது

அம்மன் வேடத்தில் வந்தவளைக் கும்பிட்ட கையோடு, அடுத்த பாட்டுக்கு ஆடும் பெண்களைப் பார்த்து நீங்கள் விசில் அடித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் ஜெயசித்ராவையும் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஆடுகிறவளுக்குப் பின்னே, ஜிகினாப் பாவாடையில் ஒன்றுபோல் கை தூக்கும் வரிசையில் இடது ஓரம் அவள். முகம் ஞாபகம் இருக்காது.

பகலில் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிப்பாள். கோயில் பொங்கல் வந்தால் ஆடப் போவாள். மகள் சிவரஞ்சனிக்கு வந்த வரனிடம் கம்பெனி வேலையை மட்டும்தான் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளத்தாய்க்கு ஜாதகம் பிடித்துப்போய், தினமும் போனில் 'மதினி, மதினி' என்று உருகினாள். நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாகப் பேச்சு.

தளவாய்புரம் பக்கம் ஆட்டம் என்றுதான் குழுவை நடத்தும் சமுத்திரம் சொல்லியிருந்தார். வேன் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது வெள்ளத்தாயின் ஊர்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் ஆடல. வேன்லயே இருக்கேன்."

"லைன்ல ஒரு ஆள் கொறஞ்சா பல்லு விழுந்த மாதிரி இருக்கும். கமிட்டிக்காரன் என்னைய உரிச்சிருவான்."

"அப்பம் அம்மன் வேசத்த எனக்குக் குடுங்க. மூஞ்சி பூரா மஞ்சளும் மையும் அப்பிட்டா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது."

வழக்கமாக அந்த வேடம் போடும் ஜெயபாய் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம சர்ச்சு, மத்த நாளு அம்மன்னு எம்புட்டு நிம்மதியா இருந்தேன்! இந்தாட்டி, கிரீடத்த வச்சுக்க. ஒம் பாவாடைய எனக்குக் குடு. ஒண்ணு மட்டும், அம்மன் வாயத் தொறக்கக் கூடாது. யாரு என்ன கேட்டாலும் குங்குமத்த வச்சு அனுப்பிரு."

உறுமி முழங்கியது. ஜெயசித்ரா வேப்பிலையோடு சுழன்று ஆடி, கூட்டத்துக்குள் இறங்கினாள். பெண்கள் குலவை போட்டார்கள். கற்பூரத் தட்டோடு முதலில் வந்து காலில் விழுந்தவள் வெள்ளத்தாய்.

"தாயீ, எம் மவனுக்கு நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். நல்ல எடம். தட்டாம முடிச்சு வையி."

நல்ல எடம். தன் வீட்டை யாரும் அப்படிச் சொல்லி ஜெயசித்ரா கேட்டதில்லை. குங்குமத்தை வைத்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எல்லாம் நல்லபடியா முடியும், மதினி."

வெள்ளத்தாய் நிமிர்ந்தாள். தினமும் போனில் கேட்கிற குரல். மஞ்சளையும் மையையும் தாண்டி அந்தக் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பின்னால் நின்றவர்கள் அம்மன் காலைத் தொட முண்டியடித்தார்கள்.

"பேசிட்டேன்க்கா," என்றாள் ஜெயசித்ரா மேடைக்குப் பின்னால் வந்து. நடந்ததைச் சொன்னாள்.

ஜெயபாய் பாவாடை நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். "சாமியாத்தானட்டி பாத்தாவ? கும்பிட்டுட்டுத்தான போனாவ?"

அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. விசில் பறந்தது. ஜெயபாய் ஓடிப்போய் இடது ஓரத்தில் நின்றாள்.

மறுநாள் காலை தாயும் மகளும் ஆண்டாள் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். தரகர் ஆவுடையப்பன் போன் செய்தார்.

"அவிய வரலையாம். ஆட்டக்காரி வீட்டுச் சம்பந்தம் வேண்டாங்காவ. வேற பொண்ணு இருந்தா உடனே சொல்லணுமாம். கல்யாணம் நல்லபடியா முடியும்னு நேத்து அம்மனே வாக்கு சொல்லிருச்சாம்."

இருவரும் பஸ் ஏறி இராஜபாளையம் திரும்பினார்கள்.