மூன்றாவது தடவை போட்ட சுவிட்ச்

"நாம சுவத்துல இருக்கிற பல்லி. பார்க்கணும், அவ்வளவுதான். கேள்வி கேட்கக் கூடாது, திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது, எது நடந்தாலும் கேமராவை நிறுத்தக் கூடாது" என்றாள் டைரக்டர்.

"பல்லிகூட அப்பப்போ சொல்லும் மேடம்" என்றான் கேமராமேன். எதையும் இன்னொரு தடவை செய்யச் சொல்லி எடுப்பவன். அதனால் அவன் பெயரே ரீடேக்.

ஆவணப்படம் அவளுடைய அண்ணனைப் பற்றியது. லிப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக்கு மேலே, மோட்டார் அறையில் மூவரும் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்தார். சுவரில் சிவப்பு விளக்கு அணைந்தது. மின்சாரம் நின்றதை அதில் பார்த்த பிறகுதான் பேனலில் கை வைப்பார். இருபது வருடப் பழக்கம்.

அவளுக்கு போன் வந்தது. வெளியே போனாள்.

"அண்ணே, சுவிட்சை அணைச்சது இருட்டா விழுந்துடுச்சு. இன்னொரு வாட்டி?" என்றான் ரீடேக்.

"அவ பார்த்தா ரெண்டு பேரையும் கிழிச்சிடுவா."

"வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

அண்ணன் போட்டார், அணைத்தார். "கொஞ்சம் மெதுவா." போட்டார், அணைத்தார். மூன்றாவது தடவை போட்டபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம். பரீட்சையில் பிட்டோடு மாட்டியவர்கள் போல இருவரும் பதறினார்கள். ரீடேக் கேமராவைத் தோளில் ஏற்றினான். அண்ணன் பேனல் முன்னால் குந்தினார்.

உள்ளே வந்தவள் தன் கையிலிருந்த மானிட்டரில் பார்த்தாள். வியர்த்த முகம், நீளும் கை. நல்ல ஷாட். ஆனால் ஏதோ உறுத்தியது. காலையில் இல்லாத ஒரு சிவப்பு அண்ணனின் காதோரம் பட்டிருந்தது.

விளக்கு!

ஆறு மாதப் படப்பிடிப்பில் அவள் தும்மியதுகூடப் பதிவாகவில்லை.

"அண்ணா, கையை எடு!"

விரல் ஓர் அங்குலத்தில் நின்றது. அண்ணன் விளக்கைப் பார்த்தார். அப்படியே பின்னால் சரிந்து உட்கார்ந்தார். அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். அணைந்ததா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"எத்தனை தடவை போடச் சொன்னே?"

"மூணு" என்றான் ரீடேக். கேமரா இன்னும் தோளில்தான் இருந்தது.

"ஓடுதா அது?"

"நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே மேடம்..."

"அழிச்சிடு."

"எதுக்கு அழிக்கணும்?" என்றார் அண்ணன். "இத்தனை வருஷத்துல நான் செஞ்ச ஒரே தப்பு. தொழில்ல இருக்கிறவன் பார்க்கட்டும்."

அவள் ஒரு கையைச் சுவிட்சின் மேல் வைத்தாள். கடைசியில், கேமராவுக்குத் தெரியும்படியே, அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்போ நீயே சொல்லு. எப்படி மறந்தே?"

அவர் பேசி முடிக்கும்வரை, அவள் சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.